ஒரு வாரத்தில் கிளம்பிவிடுவார்

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று பார்த்தது பதினான்காவது வீடு. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் சென்னையில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது இருக்கும் மொட்டைமாடி அறையில் கக்கூஸுக்கு இரும்பு ஏணி இறங்கிப் போக வேண்டும். நானும் இவரும் சமாளித்துக்கொள்வோம். அப்பாவால் முடியாது. அவருக்காகத்தான் இந்த அலைச்சல்.

அயனாவரத்தில் இந்த வீட்டு கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு புரோக்கர் டில்லிபாபு எனக்குப் பாடம் எடுத்தார்.

"யக்கா, அந்தம்மா மூணே கேள்விதான் கேக்கும். கறி ஆக்குவீங்களான்னு கேக்கும். ஞாயித்துக்கெழம மட்டும்னு சொல்லு. எத்தினி பேருன்னு கேக்கும். ரெண்டு பேருன்னு சொல்லு. வயசானவங்க, சீக்காளிங்க யார்னா கீறாங்களான்னு கேக்கும். இல்லன்னு சொல்லிடு."

"இருந்தா என்ன?"

"வீட்ல சாவு வுயக்கூடாதுக்கா. பாதி ஓனருங்க அப்டிதான். வாயில சொல்ல மாட்டாங்க."

வீட்டுக்கார அம்மாவின் பெயர் மனோன்மணி. கீழே தனியாக இருக்கிறார், மாடியை வாடகைக்கு விடுகிறார். டில்லிபாபு சொன்ன மூன்று கேள்விகளையும் அதே வரிசையில் கேட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. சுவரில் கிறுக்க ஆள் இல்லையே. இருபது வருஷத்தில் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் இவர்தான்.

"உங்க அப்பா அம்மா?"

"அம்மா இல்லைங்க. அப்பா புளியங்குடியில இருக்கார். நல்லா இருக்கார்."

எங்கும் தடுக்காமல் வந்தது. பள்ளி அலுவலகத்தில் அட்மிஷனுக்கு வருகிறவர்களின் பொய்யைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பவள் நான். என் பொய் அவற்றைவிட நன்றாக இருந்தது. இரண்டு மாதமாக அப்பாவுக்குக் கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை.


அக்டோபர் 27, ஞாயிறு

பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்றார் மனோன்மணி அம்மா. ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். கீழிருந்து மேலே பதினைந்து படி. முதல் வேலையாக அதை எண்ணினேன்.


நவம்பர் 10, ஞாயிறு

அப்பா வந்துவிட்டார். இவர் கூரியர் கம்பெனி வேனிலேயே எழும்பூர் போய் அழைத்து வந்தார். பதினைந்து படிக்கு மூன்று இடத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது தடவை உட்கார்ந்தபோது மனோன்மணி அம்மா வெளியே வந்துவிட்டார்.

"யாரும்மா இது?"

"அப்பாங்க. சும்மா எங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்திருக்கார். ஒரு வாரத்துல கிளம்பிடுவார்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். புளியங்குடியில் இருந்த வாடகை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, கட்டிலை விற்றுவிட்டு வந்திருக்கிறவர். ஒரு நொடிதான். உடனே சுதாரித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனுஷன்.

"ஆமா தாயி. செங்கோட்டை வண்டி சாயந்திரம் அஞ்சரைக்கு இருக்கு. ஏறி உக்காந்தா விடியக்காலம் புளியங்குடி. இவ பிடிச்சு வச்சாலும் ஒரு வாரத்துக்கு மேல இருக்க மாட்டேன்."

மேலே வந்து விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டிக்கெட் எடுக்காம வந்தவன் எத்தன பேர நடுவழியில எறக்கி விட்டுருக்கேன். இப்ப நானே வித்தவுட்டா ஏட்டி?"


நவம்பர் 11, திங்கள்

பையைப் பிரிக்க வேண்டாமாம். சின்ன அறைக் கதவோரம் அப்படியே இருக்கட்டுமாம். "அந்தம்மா மேல வந்தா கண்ணுல படட்டும்."


நவம்பர் 24, ஞாயிறு

மனோன்மணி அம்மா மிளகு ரசம் கொண்டு வந்தார். அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தம்மா வந்துபோன பிறகு ஒரு மணி நேரம் அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை.

"இன்னும் கிளம்பலையாண்ணா?"

"முகூர்த்த நாளு தாயி, வண்டியெல்லாம் பிதுங்குது. நின்னுகிட்டா போக முடியும்? அடுத்த வாரம் கிளம்பிருவேன்."

குற்றால சீசனில் பஸ் கூரைமேல் ஏறி டிக்கெட் கொடுத்த கதையை அப்பா சொன்னார். அந்தம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தலைக்கு மேலே ஆள் நடமாட்டம் கேட்பதே ஆறுதலாக இருக்கிறது என்றார். நல்ல மனுஷி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்தால் பொய் சொல்வது சுலபம்.

ரசம் அப்பாவின் வயிற்றில் பத்து நிமிஷம் தங்கியது.


டிசம்பர் 5, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரியில் ஃபைலை மூடிவிட்டார்கள். வயிற்றில் இருந்த கட்டி ஈரல் வரைக்கும் போய்விட்டதாம். "இனிமே இங்க வச்சிருந்து பிரயோஜனம் இல்லம்மா. வலிக்கு மாத்திரை தரேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லபடியா பாத்துக்கோங்க." எந்த வீட்டுக்கு என்று கேட்க நினைத்தேன்.

வேனில் வரும்போது அப்பா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கண்ணி, ஒண்ணே ஒண்ணு. என்னைய ஆஸ்பத்திரித் தரையில கொண்டு போட்றாத. ஒங்கூட இருக்கணும். ஒன் சத்தம் கேட்டுகிட்டே போயிருதேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?


டிசம்பர் 15, ஞாயிறு

இன்றுதான் முழுக்கதையும் தெரிந்தது. வாடகை கொடுக்கக் கீழே போனேன். மனோன்மணி அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டே தானாகச் சொன்னார்.

நாங்கள் வருவதற்கு மூன்று வருஷம் முன்பு இந்த மாடியில் குடியிருந்தவர்களின் தாயார் சதய நட்சத்திரத்தில் இறந்துபோனாராம். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி என்ற இந்த ஐந்து நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் வீட்டை ஆறு மாதம் அடைத்துப் போட வேண்டும் என்பது சாஸ்திரம். அடைப்பு என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். குடியிருந்தவர்கள் பத்தாம் நாளே காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்தம்மாவுக்கு மாடி வாடகை ஒன்றுதான் வருமானம். மகன் இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை. ஆறு மாதம் முடிந்து கதவைத் திறந்த பிறகும், தெருவில் விசாரித்துவிட்டு யாரும் குடிவரவில்லையாம்.

"கோயில் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டேம்மா, கௌரவம் பாக்காம. இன்னொரு தடவை என்னால முடியாது. அதான் வர்றவங்களை அப்படிக் கேக்கறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"இல்லம்மா" என்றேன். இரண்டு அப்பளம் தட்டில் வைத்துக் கொடுத்தார். மேலே வந்து தினசரி காலண்டரில் நட்சத்திரம் போட்டிருக்கும் இடத்தைத் தேடினேன். சும்மாதான்.


டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. இந்த மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள், யாரையும் காலி செய்யச் சொல்லவும் மாட்டார்கள். முப்பது நாள் நிம்மதி.


ஜனவரி 4, சனி, சதயம்

காலையிலிருந்து அப்பாவுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. நான் பள்ளிக்குப் போகவில்லை. "இன்னிக்கு வேண்டாம்பா, இன்னிக்கு வேண்டாம்பா" என்று அவர் காதருகில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பா போகக்கூடாது என்றா சொன்னேன்? இன்றைக்குப் போகக்கூடாது என்றுதான் சொன்னேன். எந்த மகளாவது இப்படிக் கேட்பாளா?

மாலை கண் திறந்து தண்ணீர் கேட்டார். பிழைத்தோம். யார் பிழைத்தோம் என்று தெரியவில்லை.


ஜனவரி 8, புதன், அசுவினி

ஐந்து நாளும் தாண்டிவிட்டது. அடுத்த அவிட்டம் முப்பதாம் தேதி. நான் ஒன்றும் எண்ணிக்கொண்டு இருக்கவில்லை. காலண்டரில் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.


ஜனவரி 9, வியாழன், பரணி

மாட்டிக்கொண்டோம். குப்பைப் பையை நான்கு தெரு தள்ளிப் போய்த்தான் இவர் போடுவது வழக்கம். இன்று அவசரத்தில் கீழே கேட் ஓரம் வைத்துவிட்டார். நாய் கிழித்துவிட்டது. உள்ளே பெரியவர்களுக்கான டயப்பர்.

மனோன்மணி அம்மா விறுவிறுவென்று மேலே வந்தார். நான் தடுக்கவில்லை. சின்ன அறைக் கதவைத் திறந்தார். அப்பா எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. படுத்தபடியே கதவோரம் இருந்த பையைக் காட்டினார்.

"அடுத்த வாரம்... கிளம்பிருவேன் தாயி."

அந்தம்மா அவருடைய போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டு வெளியே வந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"ரசம் கொண்டாந்து குடுத்தேனேம்மா. அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வீடு கிடைச்சிருக்காதும்மா."

"கிடைச்சிருக்காதுதான்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு சட்டென்று குனிந்தார். என் காலைத் தொட வருகிறார் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது. பதறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். "உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். தை பொறந்ததும் அவரை வேற எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்க. இன்னொரு தடவை அடைப்பு வந்தா நான் தாங்க மாட்டேன். எனக்கு இந்த மாடியை விட்டா வேற ஒண்ணும் இல்ல."

வீட்டுக்காரி குடியிருப்பவளின் காலில் விழுகிறாள். இருவரும் படிக்கட்டில் நின்று அழுதோம். கதவு திறந்தேதான் இருந்தது. அப்பாவின் காது இன்னும் நன்றாகக் கேட்கும்.


ஜனவரி 19, ஞாயிறு, உத்திரம்

இந்தத் தடவை உண்மையைச் சொல்லியே வீடு தேடினோம். ஐந்து வீடு. முதல் வீட்டில் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். இரண்டாவது வீட்டில் வாடகையை ஒன்றரை மடங்கு கேட்டார்கள், பிறகு அதற்கும் மனம் வராமல் மறுத்துவிட்டார்கள். மற்ற மூன்றிலும் கதவே முழுதாகத் திறக்கவில்லை. டில்லிபாபு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

கடைசிக் காலத்தில் இருப்பவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லம் இருக்கிறது என்று இவருடன் வேலை செய்பவர் சொன்னார். போனேன். எங்களுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள். "யாராவது போனாத்தான் இடம் காலியாகும்மா" என்றார் அங்கிருந்த பெண். நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார்.

புளியங்குடிக்கே கூட்டிப் போகலாமா என்று இவர் கேட்டார். அங்கே யார் வீட்டுக்கு? சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். மருமகள் மாசமாக இருக்கிறாளாம், வீட்டில் கெட்டது நடக்கக்கூடாதாம்.

இவ்வளவு பெரிய ஊரில் பிரசவத்துக்கு இடம் இருக்கிறது, கல்யாணத்துக்கு மண்டபம் இருக்கிறது, நாயைக் குளிப்பாட்டக்கூடக் கடை இருக்கிறது. ஒரு கிழவன் செத்துப்போக ஆறடிக்கு மூன்றடி இடம் இல்லை. கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.


ஜனவரி 28, செவ்வாய், பூராடம்

தை பிறந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது. மனோன்மணி அம்மா மேலே வரவுமில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார்.

அப்பாவுக்கு உதட்டில் பஞ்சால் தண்ணீர் தொட்டு வைத்தேன். காலண்டர் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"நாளைக்கு தை அமாவாசைல்லா?"

"ஆமாப்பா."

"நல்ல நாளு. அடைப்பு கிடையாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு யார் சொன்னா?"

"படிக்கட்டுல பேசினது கேட்டுச்சு. அப்புறம் நீயுந்தான் தெனமும் காலண்டரப் பாக்கியே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நாளைக்கே போயிரலாம்னுதான் பாக்குதேன் கண்ணி. விசில் ஊதுறது மட்டுந்தான் கண்டக்டர் வேல. வண்டிய எடுக்கது டிரைவர் கையிலல்லா இருக்கு."

"போங்கப்பா, என்ன பேச்சு இது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.


ஜனவரி 29, புதன், தை அமாவாசை

அப்பா இருக்கிறார்.


ஜனவரி 30, வியாழன், அவிட்டம்

இருக்கிறார். நாளைக்குச் சதயம்.


ஜனவரி 31, வெள்ளி

காலை ஆறு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். போகும் வழியில் இறந்துவிட்டார்.

இதுதான் நடந்தது. இவர் போனில் எல்லோரிடமும் இப்படித்தான் சொன்னார். நானும் இப்படித்தான் எழுதுகிறேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. இவருடைய வேனே இருக்கும்போது எதற்கு? அப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். சாயாமல் இருக்க என் பழைய நூல் புடவையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினோம். பனிக்காலம் என்பதால் தலையிலிருந்து தாடை வரை மஃப்ளர் சுற்றினேன். கண் ஆபரேஷன் செய்தபோது கொடுத்த கறுப்புக் கண்ணாடியையும் போட்டுவிட்டேன். வெளிச்சம் கூசும். பையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார்.

இவர் நாற்காலியின் முதுகுப்பக்கம், நான் கால்பக்கம். பதினைந்து படி. "எப்பா, பயப்படாதீங்க. டாக்டர் பாத்துட்டா சரியாயிரும். இன்னும் பத்து படிதான். இன்னும் அஞ்சு." விடாமல் பேசிக்கொண்டே இறங்கினேன்.

தை வெள்ளி என்று மனோன்மணி அம்மா வாசலில் பெரிய கோலம் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டிலும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மாவுக் கிண்ணத்தோடு எழுந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"மூச்சு முட்டுதும்மா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அந்த நேரம் பார்த்து அப்பாவின் வலது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. என் இரண்டு கையும் நாற்காலிக் காலில். மனோன்மணி அம்மா கிட்டே வந்து அந்தக் கையை எடுத்தார். எடுத்தவர் உடனே விடவில்லை. பிடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கோலம் பாதியில் நின்றிருந்தது.

அவர் அந்தக் கையை மெதுவாக மடியில் வைத்தார். பிறகு எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"என்னண்ணா, சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிட்டீங்க? உடம்பைத் தேத்திக்கிட்டு நல்லபடியா வாங்க."

இவர் தோளிலிருந்த பையை வாங்கி வேனுக்குள் வைத்ததும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர். நாடியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "இவர் போய் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்குமேம்மா" என்றார்.

"இல்ல டாக்டர். வழியிலதான். ஏழு அம்பதுக்கு."

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பழைய ஃபைலைப் புரட்டினார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார். "இவர் கையில என்ன வெள்ளையா?" என்று மட்டும் கேட்டார்.

"கோலமாவு" என்றேன்.

தரையில்தான் கிடத்தியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் காலியில்லை. அங்கிருந்தே மின்மயானத்துக்குக் கொண்டு போனோம். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

என் சத்தம் கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்றார் அப்பா. பதினைந்து படியும் பேசினேன். அத்தனையும் தெருவுக்குக் கேட்கப் பேசியது. அவருக்கென்று ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்விட்டு அழக்கூட இல்லை. விடியற்காலையில் அழுதிருந்தால் கீழே கேட்டிருக்கும்.


பிப்ரவரி 2, ஞாயிறு

அடுப்பு மூட்டவில்லை. மத்தியானம் மனோன்மணி அம்மா சாதமும் கத்திரிக்காய்க் குழம்பும் கொண்டு வந்தார். ஜனவரி ஒன்பதுக்குப் பிறகு இன்றுதான் மேலே வருகிறார்.

"எத்தனை மணிக்கும்மா போச்சு?"

"ஏழு அம்பது. ஆஸ்பத்திரியில."

"ஆஸ்பத்திரியில" என்று திருப்பிச் சொன்னார். "தெருவுல கேட்டாங்க. நானும் அப்படித்தான் சொன்னேன்."

சுவரில் காலண்டர் முப்பதாம் தேதியிலேயே நின்றிருந்தது. எழுந்து போய்த் தாளைக் கிழித்தார். அதற்கடுத்த தாளை, சதயம் என்று போட்டிருந்ததை, ஒருமுறை பார்த்துவிட்டுக் கிழித்து நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நீங்க இப்ப வீடு தேட வேண்டாம். ஆறு மாசம் இங்கயே இருங்க. அப்புறம் ஆடியில யாரும் மாற மாட்டாங்க, ஆவணியில பாத்துக்கலாம். அந்தச் சின்ன ரூமை மட்டும் பூட்டி வைங்க. சாயங்காலம் கதவு முன்னால ஒரு விளக்கு ஏத்துங்க. யார் கேட்டாலும் தட்டுமுட்டுச் சாமான் போட்டிருக்குன்னு சொல்லுங்க."

எதற்கு ஆறு மாதம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வாசலில் நின்றவர் திரும்பாமலே, "அன்னிக்குக் கோலத்தை நான் முடிக்கவே இல்லம்மா" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

பூட்டு வாங்கி வந்தோம். பூட்டுவதற்கு முன்னால் வேனிலிருந்த பையைக் கொண்டுவந்து அப்பா வைத்திருந்த கதவோரத்திலேயே வைத்தேன். பிரிக்கவில்லை.

உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு வாரத்துக்கு மேல் அவருக்கு அந்த அறையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது ஆறு மாதத்துக்கு அது அப்பாவின் அறை.